பழைய மின்சாரக் கார் மாடலுக்குப் பெரிய புதுப்பிப்பு தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தைக்கு வந்து ஐந்தாறு ஆண்டு ஆன ஒரு மின்சாரக் கார் மாடலை வாங்கலாமா, அடுத்தது வரட்டும் என்று பொறுக்கலாமா, கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஒரு மாடல் பழசாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெட்ரோல் கார்களுக்கு ஒரு வழக்கமான கணக்கு உண்டு: மூன்று நான்கு ஆண்டில் முகப்பு மாறும், ஏழெட்டு ஆண்டில் அடுத்த தலைமுறை வரும். மின்சாரக் காரில் அந்தக் கணக்கு சரிப்படாது. ஒரே வண்டிக்குள் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வேகத்தில் பழசாகிறது. உடலும் சஸ்பென்ஷனும் பத்து ஆண்டு தாக்குப்பிடிக்கும். மோட்டார் இன்னும் மெதுவாகத்தான் பின்தங்கும். பேட்டரிப் பெட்டியும் வேக சார்ஜும் நான்கைந்து ஆண்டில் பின்தங்கிவிடுகின்றன. திரைக்குப் பின்னால் இருக்கும் கணினியும், கைப்பேசி வலையமைப்போடு காரை இணைக்கும் மோடமும் அதற்கு முன்பே.

அதனால் கேள்வியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பேட்டரி கொள்ளளவு, அதன் குளிர்விப்பு, சார்ஜ் வேகம், கணினி, மோதல் பாதுகாப்பு என்ற ஐந்தில் எது பின்தங்கியிருக்கிறது? ஒன்றுதான் என்றால் இருக்கும் மாடலுக்குள்ளேயே அதைச் சரிசெய்துவிடலாம். மூன்று என்றால் முகப்பைத் திருத்திப் பயனில்லை, அடுத்த தலைமுறைதான் வழி.

புதிய முகப்பு வந்திருக்கிறது. உள்ளேயும் மாறியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. டெஸ்லா மாடல் எஸ் இதற்கு நல்ல உதாரணம். 2012-இல் வந்த அந்தக் காருக்கு 2016-இல் மூக்கு மாறியது. எல்லோருக்கும் அது கண்ணில் பட்டது. 2019 ஏப்ரலில் நடந்தது வெளியே தெரியவே இல்லை. முன் மோட்டாரை நிரந்தரக் காந்த வகைக்கு மாற்றினார்கள், சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். பேட்டரி அதே 100 கிலோவாட் மணி. அமெரிக்க அதிகாரபூர்வ ரேஞ்ச் (ஒருமுறை முழுக்க ஏற்றினால் ஓடும் தூரம்) மட்டும் 539 கிலோமீட்டரிலிருந்து 595-க்கு ஏறியது. எங்களைக் கேட்டால் பெரிய புதுப்பிப்பு என்ற பெயர் 2019-க்குத்தான் பொருந்தும்.

2024-இல் போர்ஷே டைகானும் அப்படித்தான். பக்கத்தில் நிறுத்தினால் பழையது எது, புதியது எது என்று சட்டென்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய பேட்டரி 93.4-லிருந்து 105 கிலோவாட் மணிக்கும், உச்ச சார்ஜ் 270-லிருந்து 320 கிலோவாட்டுக்கும் போனது. 10 முதல் 80 சதவீதம் வரை 18 நிமிடம்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு எவ்வளவு (மொத்தக் கொள்ளளவை அல்ல), 10 முதல் 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம், ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் காரைச் சூடாக்கும் கருவி) உண்டா, வண்டிக் கணினியின் தலைமுறை மாறியதா. இந்த நான்கும் பழைய பட்டியலில் இருந்தபடியே இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது புது பம்பரும் புது விளக்கும்தான்.

விளம்பரத்தில் 150 கிலோவாட் சார்ஜ் என்கிறார்கள். அது போதாதா?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். விளம்பர எண் உச்ச வேகம். சில கார்கள் அந்த உச்சத்தை இரண்டு நிமிடம் தொட்டுவிட்டு இறங்கிவிடும். உங்கள் நேரத்தைத் தீர்மானிப்பது சராசரி. அதை நீங்களே அளக்கலாம்.

சார்ஜ் 10 சதவீதத்துக்கு இறங்கும் வகையில் திட்டமிட்டு, கடைசி அரை மணி நேரம் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டி வாருங்கள், பேட்டரி சூடேறியிருக்கும். காரின் உச்சத்தைவிடப் பெரிய சார்ஜரில் மாட்டுங்கள். பக்கத்து வண்டியோடு மின்சாரத்தைப் பங்கிடும் சார்ஜராக இருந்தால் அளவு தப்பும். மாட்டிய பிறகு ஒவ்வொரு 10 சதவீதத்திலும் திரையில் தெரியும் கிலோவாட்டையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 80-இல் நிறுத்துங்கள்.

கணக்கு இது. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 60 கிலோவாட் மணி என்றால் ஏறியது அதில் 70 சதவீதம், அதாவது 42 கிலோவாட் மணி. அதற்கு 42 நிமிடம் ஆனது என்றால் சராசரி 60 கிலோவாட். 100 கிலோமீட்டருக்கு 16 கிலோவாட் மணி குடிக்கும் காரில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஏறுகிறது. உச்சம் 150 என்று போட்டிருந்தாலும் நீங்கள் காத்திருக்கும் நேரத்தைச் சொல்வது இந்த 60-தான்.

வெவ்வேறு அளவு பேட்டரிகளை ஒப்பிட, சராசரி கிலோவாட்டைக் கொள்ளளவால் வகுங்கள். மேலே சொன்ன கார் 1-இல் நிற்கிறது. 1.4 என்றால் 10 முதல் 80 வரை அரை மணி நேரம். 2 என்றால் 21 நிமிடம். புதிய டைகான் சுமார் 2.3. ஒன்றுக்குக் கீழே இருக்கும் கார் நீண்ட பயணத்துக்குப் பழசாகிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம். வீட்டிலேயே இரவில் சார்ஜ் செய்து நகருக்குள் ஓட்டுபவருக்கு இந்த எண்ணே தேவையில்லை.

மென்பொருளில் இந்த வேகத்தைக் கூட்டிவிட முடியாதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குத்தான் முடியும். செல் (பேட்டரிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் சிறு மின்கலம்) குளிர்ந்திருக்கும்போதோ நிரம்பி வரும்போதோ மின்னோட்டத்தை அதிகமாகத் தள்ளினால், செல்லின் கிராஃபைட் மின்முனைக்குள் நுழைய வேண்டிய லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். முள்போல வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. பேட்டரி மேலாண்மைக் கணினி வேகத்தை இறக்குவது இதைத் தடுக்கத்தான். வேகம் வேண்டுமென்றால் செல்லும் குளிர்விப்பும் மாற வேண்டும்.

800 வோல்ட் இல்லாத கார் காலாவதி ஆனதா?

இல்லை. இந்த 800 பேட்டரியின் மின்னழுத்தம்; பல கார்களில் அது 400. மின்னழுத்தம் கூடினால் அதே மின்னோட்டத்தில் அதிக கிலோவாட் ஏறும். சார்ஜர் கேபிளின் மின்னோட்ட வரம்பு பொதுவாக 500 ஆம்பியர். 400 வோல்ட்டில் அது 200 கிலோவாட். 55, 60 கிலோவாட் மணி பேட்டரிக்கு 200 கிலோவாட்டே தாராளம். அந்த செல்கள் அவ்வளவை வெகுநேரம் வாங்காது. 90 கிலோவாட் மணிக்கு மேல் உள்ள பெரிய வண்டிகளில்தான் 400 வோல்ட் இடிக்கும்.

800 வோல்ட் காரிலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 400 வோல்ட் சார்ஜரில் மாட்டினால் எத்தனை கிலோவாட் வாங்கும்? ஆரம்பகால டைகானில் இது அடிப்படையாக 50 கிலோவாட்தான், 150 வேண்டுமென்றால் கூடுதல் கருவி. ஹூண்டாய் ஐயானிக் 5, தன் மோட்டார் சுருளையும் இன்வெர்ட்டரையும் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் கருவி) வைத்தே மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது.

பழைய மாடலிலேயே பேட்டரியை மட்டும் பெரிதாக்க முடியாதா?

முடியும். இதை மிக அழகாகச் செய்து காட்டியது பி.எம்.டபிள்யூ. ஐ3. 2013-இல் வந்த அந்தக் காரின் பெட்டியில் 96 செல்கள், ஒவ்வொன்றும் 60 ஆம்பியர் மணி. மொத்தம் 22 கிலோவாட் மணி. 2016-இல் அதே பெட்டியில் அதே 96 செல், ஆனால் 94 ஆம்பியர் மணி: 33 கிலோவாட் மணி. 2018-இல் 120 ஆம்பியர் மணி: 42. உடலை வெட்டவில்லை, தரையை உயர்த்தவில்லை. அமெரிக்க ரேஞ்ச் சுமார் 130 கிலோமீட்டரில் தொடங்கி 246-க்கு வந்தது.

இது நடக்க செல்லின் வேதியியல் முன்னேறியிருக்க வேண்டும். பழைய செல்லையே கூடுதலாக அடுக்கினால் கதை வேறு. பெட்டி, குழாய், உறை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 150 வாட் மணி என்று வைத்தால், கூடுதல் 10 கிலோவாட் மணிக்கு 67 கிலோ எடை ஏறும். ஸ்பிரிங், பிரேக், டயரின் சுமைக் குறியீடு மாற வேண்டும். மோதல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஏற்றிச் செல்லக்கூடிய எடை குறையும். பின்னிருக்கையில் ஒருவரைக் குறைத்து அந்த இடத்தில் பேட்டரியை உட்கார வைத்ததற்குச் சமம்.

இன்னொரு கண்ணி: கொள்ளளவு கூடி, சார்ஜ் வேகம் கூடாமல் விட்டுவிடுவது. செவ்ரோலே போல்ட் 2020 மாடலில் 60-லிருந்து 66 கிலோவாட் மணிக்குப் போனது, ரேஞ்ச் 383-லிருந்து 417 கிலோமீட்டர் ஆனது. உச்ச சார்ஜ் 55 கிலோவாட்டிலேயே நின்றது. பெரிய தொட்டி, அதே குழாய். நிரப்ப இன்னும் அதிக நேரம்.

காற்றில் குளிரும் பேட்டரி உள்ள மாடலை என்ன செய்வது?

திரவக் குளிர்விப்பு இல்லாத மாடலுக்குப் பெரிய புதுப்பிப்பு கட்டாயம் தேவை. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நிசான் லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது அதன் 24 கிலோவாட் மணி பெட்டிக்குள் விசிறியோ குழாயோ கிடையாது; மூடிய பெட்டி, வெப்பம் உலோகத் தகடு வழியே மெல்ல வெளியேற வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா போன்ற கடும் வெயில் பகுதிகளில் முதல் சில ஆண்டுக்குள்ளேயே கொள்ளளவுக் கோடுகள் மறையத் தொடங்கின. திரையின் 12 கோடுகளில் 9-க்குக் கீழே போனால் சரிசெய்து தரும் உத்தரவாதத்தை நிறுவனம் பிறகு சேர்த்தது. 2017-இல் இரண்டாம் தலைமுறை வந்தது, பேட்டரி 40 கிலோவாட் மணி ஆனது, அடுத்து 62-ம் வந்தது. குளிர்விப்பு முறை மட்டும் மாறவில்லை. அதனால் ஒரே நாளில் இரண்டாம், மூன்றாம் முறை வேக சார்ஜ் போடும்போது பேட்டரி சூடாகி, வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. மென்பொருள் மாற்றம் கொஞ்சம் தணித்தது, தீர்க்கவில்லை. 2025 ஜூனில் காட்டிய மூன்றாம் தலைமுறையில்தான் திரவக் குளிர்விப்பு வந்தது. கூடவே பழைய சாடெமோ வேக சார்ஜ் செருகியும் போய், ஐரோப்பாவுக்கு சி.சி.எஸ்., வட அமெரிக்காவுக்கு டெஸ்லா வகைச் செருகி என்று மாறியது.

காற்றுக் குளிர்விப்பு உள்ள பழைய காரை வாங்கத்தான் வேண்டுமென்றால், வெயில் தணிந்த இடத்தில், நகருக்குள், மெதுவான சார்ஜில் ஓட்டப் போகிறவருக்கு மட்டும் அது பொருந்தும்.

ஹீட் பம்ப் அவ்வளவு முக்கியமா?

குளிர் இருக்கும் இடத்தில், அதுவும் மெதுவாக ஓட்டும் இடத்தில், மிக முக்கியம். மணிக்கு 30 கிலோமீட்டரில் நகரும் கார், ஓட்டத்துக்கு ஏறக்குறைய 4.5 கிலோவாட்தான் எடுக்கும். கம்பிச் சூடேற்றி 3 கிலோவாட் இழுத்தால் ரேஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடும். அதே 3 கிலோவாட், நெடுஞ்சாலையில் 20 கிலோவாட் எடுக்கும் காரில் அவ்வளவாக உறைக்காது. ஹீட் பம்ப் அதே வெப்பத்தை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி மின்சாரத்தில் தரும். உறைநிலைக்கு வெகு கீழே போனால் இந்த ஆதாயம் சுருங்கும். குளிரே இல்லாத ஊரில் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மென்பொருள்தான் இணையம் வழியே வருகிறதே. மாடலை எதற்கு மாற்ற வேண்டும்?

மென்பொருள் புதிதாகும், அதைத் தாங்கும் சிப் புதிதாகாது. 2012 முதல் 2018 தொடக்கம் வரை தயாரான மாடல் எஸ்-லும், மாடல் எக்ஸ்-இன் ஆரம்ப வண்டிகளிலும் நடுத்திரைக் கணினியில் 8 ஜி.பி. ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. ஃபிளாஷில் எழுதி அழிப்பதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. கார் ஓயாமல் பதிவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டே இருந்ததால் ஐந்தாறு ஆண்டில் நினைவகம் தேய்ந்தது. திரை கறுத்தது, கூடவே பின்பக்கக் கேமராவும், கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் போயின. 2021-இல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய காரை வாங்கும்போது இந்த நினைவகம் உள்ள மின்பலகை மாற்றப்பட்டதற்கான சர்வீஸ் ரசீதைக் கேட்பது இன்றும் நல்லது.

அடுத்தது மோடம். 2024 ஏப்ரலில், பிரிட்டனில் 2019 மே மாதத்துக்கு முன் தயாரான லீஃப்களுக்குக் கைப்பேசிச் செயலி நிறுத்தப்பட்டது. காரணம் அவற்றிலிருந்த 2ஜி மோடம். வண்டி ஓடியது, வண்டித் திரையிலேயே டைமர் வைக்க முடிந்தது. தொலைவிலிருந்து பேச முடியவில்லை. ஆகவே பழைய மாடலில் பார்க்க வேண்டியது இரண்டு: மோடம் 4ஜியா, அது தனிப் பலகையா அல்லது கணினியோடு ஒட்டியதா. தனிப் பலகை என்றால் மாற்றுவது சுலபம்.

பாதுகாப்பு மதிப்பெண் ஐந்து நட்சத்திரம் என்று இருக்கிறது. அதுவும் பழசாகுமா?

ஆகும். நட்சத்திரத்தோடு ஆண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரெனோ ஸோயி 2013-இல் யூரோ என்கேப் (ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு) சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2021 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஸோயியை மறுபடி சோதித்தபோது கிடைத்தது பூஜ்யம். பாதிக் காரணம் சோதனை கடுமையானது. மறுபாதி வேதனையானது: புதுப்பித்த காரில் இருக்கைப் பக்கவாட்டு ஏர்பேக் தலையைக் காக்கவில்லை, நெஞ்சை மட்டும் காத்தது. பழைய வண்டியில் இருந்த ஏர்பேக் இரண்டையும் காத்தது. புதுப்பிப்பு என்ற பெயரில் உயிர் காக்கும் பொருள் குறைந்திருக்கிறது. எந்த மாடலிலும் ஏர்பேக் பட்டியலைப் பழைய ஆண்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டமும் மாடலின் ஆயுளை முடித்துவைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய வகைகளுக்கும், 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் வேக எச்சரிக்கை உதவி, தானியங்கி அவசர பிரேக், தூக்கக் கலக்க எச்சரிக்கை போன்றவை கட்டாயம். அதே தேதிகளில் கணினி ஊடுருவல் பாதுகாப்புக்கான ஐ.நா. விதி 155-ம் அமலுக்கு வந்தது. கேமராவையும் ரேடாரையும் பின்னால் சேர்க்கலாம். வண்டிக்குள் ஓடும் தகவல் கம்பிகளின் அமைப்பையே பாதுகாப்பாக மாற்றச் சொன்னால் பழைய வடிவமைப்புக்கு அது கிட்டத்தட்ட புதுக் கார் செய்யும் செலவு. நன்றாக விற்ற சில மாடல்கள் ஐரோப்பாவில் சட்டென்று மறைந்ததற்கு இதுவே காரணம். பெட்ரோல் போர்ஷே மகான் அவற்றில் ஒன்று.

புதுப்பித்தால் கார் மோசமாவதும் உண்டா?

உண்டு. 2022 அக்டோபரில் டெஸ்லா தன் கார்களிலிருந்து மீயொலி பார்க்கிங் உணரிகளை எடுக்கத் தொடங்கியது. கேமராவை வைத்துச் செய்யும் மாற்று தயாராகும்வரை அந்த வண்டிகளில் தூரம் சொல்லும் பார்க்கிங் உதவியே இல்லை. 2023-இல் புதுப்பித்த மாடல் 3-இல் திருப்ப விளக்குத் தண்டு போய், ஸ்டியரிங்கில் பொத்தான்கள் வந்தன. ரவுண்டானாவில் ஸ்டியரிங் பாதி திரும்பியிருக்கும்போது இடது பொத்தான் எந்தப் பக்கம் போய்விட்டது என்று விரல் தேடும். 2025-இல் வந்த மாடல் ஒய் புதுப்பிப்பில் அந்தத் தண்டை நீக்கவில்லை.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். 2021-இல் வந்த ஐயானிக் 5-க்குப் பின்கண்ணாடி வைப்பரே கிடையாது. மழையில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2024 புதுப்பிப்பில் வைப்பர் வந்தது, இருக்கைச் சூட்டுக்குத் தனிப் பொத்தான் வந்தது, பேட்டரியும் 77.4-லிருந்து 84 கிலோவாட் மணி ஆனது. ஓட்டுபவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிச் செய்த புதுப்பிப்பு இப்படித்தான் இருக்கும். அடுத்த தலைமுறைக்கு அவசரமே இல்லாமல் அந்த மாடலுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைத்துவிட்டது.

இப்போது வாங்கலாமா, அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கலாமா?

தலைமுறையின் கடைசி ஆண்டு வண்டி பெரும்பாலும் அந்த மாடலிலேயே சிறந்த வண்டி. கோளாறுகள் தெரிந்துவிட்டன, பாகங்கள் திருத்தப்பட்டுவிட்டன, மெக்கானிக்குகளுக்குக் கை பழகிவிட்டது. முதல் ஆண்டு வண்டி அப்படியில்லை. ஃபோக்ஸ்வேகன் ஐ.டி.3, 2020 செப்டம்பரில் முதல் வாடிக்கையாளர்களுக்குப் போனபோது சில மென்பொருள் வசதிகள் பிறகு வரும் என்று சொல்லித்தான் ஒப்படைக்கப்பட்டது.

எங்கள் ஆலோசனை இது. பழைய மாடலில் திரவக் குளிர்விப்பு இருக்கிறது, உங்கள் பகுதியில் பரவலான செருகி இருக்கிறது, சராசரி சார்ஜ் கிலோவாட்டைக் கொள்ளளவால் வகுத்தால் 1.2-க்கு மேல், மோதல் சோதனை கடந்த ஐந்தாறு ஆண்டுக்குள் நடந்தது என்றால் காத்திருக்காமல் பேரம் பேசி வாங்குங்கள். செருகியோ குளிர்விப்போ தவறானது என்றால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். அந்த இரண்டையும் பிறகு சரிசெய்ய எளிதான வழியில்லை.

மறுவிற்பனை விலை விழுவது புது மாடல் கடைக்கு வரும் நாளில் அல்ல, அறிவிப்பு வரும் நாளில். விற்க நினைப்பவர் அதற்கு முன்பே விற்றுவிட வேண்டும்.

என்னிடம் ஏற்கெனவே பழைய கார் இருக்கிறது. பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படி அளப்பது?

100 சதவீதம் ஏற்றி, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். பயண மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரே நாளில் 10 சதவீதம் வரை ஓட்டுங்கள். ஓடிய தூரத்தை, திரை காட்டும் சராசரிச் செலவால் பெருக்கினால் எடுத்த கிலோவாட் மணி வரும். அதை 0.9-ஆல் வகுத்தால் இன்றைய கொள்ளளவு. உதாரணமாக 270 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 16 என்றால் 43.2, வகுத்தால் 48 கிலோவாட் மணி. புதிதில் பயன்படுத்தக்கூடியது 58 என்றால் 83 சதவீதம் மிச்சம். நின்ற நிலையில் ஏ.சி. ஓடிய நேரம் சில கார்களில் இந்தக் கணக்கில் சேராது, ஆகவே அன்று வண்டியில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

கூடவே ஓ.பி.டி. செருகுவாயில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் இடம்) புளூடூத் கருவி மாட்டி, செல்களின் மின்னழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். பாதி சார்ஜில், நின்ற நிலையில், அதிகபட்ச செல்லுக்கும் குறைந்தபட்ச செல்லுக்கும் 20, 30 மில்லிவோல்ட் வித்தியாசம் கவலைப்பட வேண்டியதல்ல. 100-ஐத் தாண்டினால் ஏதோ ஒரு செல் பலவீனம். மொத்தப் பெட்டியின் சதவீதம் நன்றாக இருந்தாலும் விடாதீர்கள். வழக்கமான உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70 சதவீதம். ஏழாம் ஆண்டு முடியும் முன் இந்த அளவை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, எட்டு முடிந்த பிறகு கேட்க இடமிருக்காது.

இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள காரில், அளப்பதற்கு முன் ஓரிரு முறை 100 சதவீதம் ஏற்ற வேண்டும். அந்த வகை செல்லின் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய சமமாக ஓடுவதால், முழுக்க ஏற்றாவிட்டால் கணினி சதவீதத்தைத் தப்பாகக் கணிக்கும்.

புது மாடலின் பேட்டரியை என் பழைய காரில் பொருத்தலாமா?

லீஃபில் தனியார் பட்டறைகள் இதைச் செய்கின்றன: 24 கிலோவாட் மணி பெட்டியை எடுத்துவிட்டு 40 பெட்டி. போல்ட்கள் பொருந்தினாலும், புதுப் பெட்டியின் மேலாண்மைக் கணினி பேசும் செய்தியைப் பழைய கார் புரிந்துகொள்ளாது. நடுவே மொழிபெயர்க்கும் சிறு பலகை ஒன்றைக் கம்பியில் சேர்க்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் 350 வோல்ட்டுக்கு மேல் நேர் மின்னோட்டம். சர்வீஸ் துண்டிப்பானை எடுத்த பிறகும் சில நிமிடம் காத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். வீட்டில் செய்யும் வேலை அல்ல இது. காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வேறு பெரும்பாலான மாடல்களில் பெட்டியும் காரும் எண் பூட்டால் இணைந்திருப்பதால் இந்த வழி அடைபட்டிருக்கிறது.

பெரிய பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆனால் கார் எழவே இல்லை. மாடல் பழசானதாலா?

பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி போயிருக்கும். பெரிய பெட்டியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் (பெரிய மின் சுவிட்சுகள்) மூட 12 வோல்ட் வேண்டும். அது இல்லையென்றால் கீழே 60 கிலோவாட் மணி இருந்தும் கார் எழாது, சில கார்களில் கதவுகூடத் திறக்காது. ஈய அமில வகை மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். கார் தூங்கிச் சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். ஏ.ஜி.எம். (கண்ணாடி இழைப் பாய் வைத்த ஈய அமில பேட்டரி) வகை இருந்த இடத்தில் அதே வகையைத்தான் போட வேண்டும்.

தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பு வண்டியை டெலிவரி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தயாரிப்பு மாதம். பல நாடுகளில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கமும் உதவும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். வண்டி ஓராண்டுக்கு மேல் நின்றிருந்தால் புது 12 வோல்ட் பேட்டரி கேட்டு வாங்குங்கள். நின்றபோது பெரிய பேட்டரி எத்தனை சதவீதத்தில் இருந்தது என்று கேளுங்கள். 100-இல் மாதக்கணக்கில் விட்டதும் தப்பு, பூஜ்யத்துக்கு அருகில் விட்டதும் தப்பு.

பிரேக் டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய துரு இயல்பு, ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். முகம் முழுக்கக் குழி விழுந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை மெதுவான சார்ஜிலும் ஒருமுறை வேக சார்ஜிலும் மாட்டிப் பாருங்கள். அடையாள எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு வேலைகள் எல்லாம் முடிந்ததற்கான தாளை வாங்குங்கள்.

கடைசியாக, பேட்டரி உத்தரவாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயரில் பதிவான நாளா, விற்பனையாளர் காட்சிக்காகத் தன் பெயரில் பதிந்த நாளா என்பதைப் பொறுத்து எட்டு ஆண்டில் ஓராண்டு போய்விடலாம்.